தோலும் சோறும்: ரிட்டயர்ட் டீச்சரின் ஒரு சரித்திரப் பாடம்



பதிவு நீளமானது. வேலை நேரத்தில் திறந்தவர்கள் மூடி வைத்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் படியுங்கள். பாடம் நடக்கும்போது பாதியில் எழுந்து போனால் எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்கே தெரியும்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி மெசஞ்சரில் எழுதியிருந்தாள். ஐந்தாம் வகுப்பில் முன் வரிசையில் ரெட்டைச் சடையோடு உட்கார்ந்திருந்தவள், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். "டீச்சர், எனக்கு சொரியாசிஸ்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கும் இது உண்டுல்லா? என்னென்ன சாப்பிடக் கூடாதுன்னு ஒரு லிஸ்ட் போட்டு அனுப்புங்க. அத்தை கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொல்லுதாங்க. சின்னவன் என் தட்டுல கை வச்சா அவனுக்கும் ஒட்டிக்கிடுமா?"

ஒட்டுமா? எதைத் தின்று வந்தது? தோலில் ஏதாவது வந்துவிட்டால் உலகம் முழுக்க இந்த இரண்டு கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் அவசரப்பட்டுத் தப்பான பதில் சொல்லி எத்தனையோ பேரை வதைத்தும் இருக்கிறார்கள். அப்படி வதைபட்டவர்களில் நான் ஒருத்தி. வதைத்தவர்களிலும் நான் ஒருத்தி. அதனால் அவளுக்கு மட்டும் பதில் அனுப்பாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நான் வதைத்த கதை.

ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்து ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் சேர்ந்தது 1983-இல். அதற்கு முந்திய வருடம்தான், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். மத்தியான மணி அடித்ததும் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் வரிசையாக உட்காருவார்கள். சோறும் சாம்பாரும். அதற்காகவே பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் உண்டு.

1987-இல் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். முழங்கை, முழங்கால், தொடையெல்லாம் தோல் சொரசொரவென்று, சின்னச் சின்ன முள் மாதிரி புடைத்திருக்கும். தொட்டால் பாகற்காய் மேல் கை வைத்தது போலிருக்கும். பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் அம்மா வந்து, "டீச்சர், அது ஒட்டுவாரொட்டி. எங்க பிள்ளைய மாத்தி உக்கார வையுங்க" என்றார். எனக்கு அப்போது 27 வயது. யாரிடமும் கேட்கவில்லை, எதையும் படிக்கவில்லை. பையனை வகுப்பில் கடைசி மூலையில் வைத்தேன். சத்துணவு வரிசையிலும் நாலு முழம் தள்ளித் தனியாக உட்கார வைத்தேன். மற்றவர்கள் தட்டோடு சேராமல் இருக்க, அவன் தட்டில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறி வைத்ததும் நான்தான்.

தீபாவளிக்கு அப்புறம் அவன் வரவில்லை. ஜனவரியில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் ஒருவர் பிள்ளைகளைப் பரிசோதிக்க வந்தார். இப்படி ஒரு பையன் இருந்தான் என்று அவரிடம் சொன்னேன். "முழங்கையிலும் முழங்காலிலும் முள்ளு முள்ளாவா? அது தவளைத் தோல்னு சொல்வாங்க டீச்சர். சத்துக் குறைவால வர்றது. ஒட்டவே ஒட்டாது. எண்ணெய், பயறு, கீரை, நிலக்கடலைன்னு நாலும் சேர்த்துச் சாப்பிட்டா சரியாகும்" என்றார்.

அன்று சாயங்காலமே அவன் வீட்டைத் தேடிப் போனேன். அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. "அவன் தீப்பெட்டி ஆபீசுக்குப் போறான் டீச்சர். பள்ளிக்கூடத்துல சோறு தனியாப் போடுதாங்கன்னு அழுதான். சரி, வேண்டாம்னு விட்டுட்டோம்" என்று மட்டும் சொன்னார். எட்டு வயதுப் பையன். அடுத்த வருடம் அவர்கள் ஊரையே காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சாப்பாடு போதாமல் வந்த நோய் அது. அந்த நோய்க்காக அவனைச் சாப்பாட்டு வரிசையிலிருந்தே விரட்டியிருக்கிறேன். இதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

இனி சரித்திரத்துக்கு வருகிறேன். நான் செய்த அதே தப்பை ஒரு நாடே செய்த கதை இது.

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துத் தானியம். மெக்சிகோவின் பழங்குடிகள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, அரைத்துத்தான் ரொட்டி தட்டுவார்கள். கொலம்பசுக்குப் பிறகு ஐரோப்பியர்கள் தானியத்தை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அந்தச் சுண்ணாம்புப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். விளைச்சல் அதிகம், விலை குறைவு என்பதால் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஏழைகளுக்கு அதுவே மூன்று வேளைச் சாப்பாடாகிவிட்டது. 1735-இல் வடக்கு ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் புதுவிதமான நோயொன்றைக் கவனித்தார். வெயில் படுகிற கை, கால், கழுத்தில் தோல் சிவந்து, கறுத்து, உரிந்தது. கழுத்தைச் சுற்றி மாலை போட்டது போல வரும் அந்தப் படைக்கு இன்றும் 'காசல் மாலை' என்றே பெயர். அதன் பிறகு வயிற்றுப்போக்கு, புத்தி பேதலிப்பு, கடைசியில் மரணம். 1771-இல் இத்தாலியில் ஃபிராபொல்லி என்பவர் இதற்குப் 'பெல்லாக்ரா' என்று பெயர் கொடுத்தார். சொரசொரப்பான தோல் என்று அர்த்தம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது காட்டுத்தீயாகப் பரவியது. பருத்திக் காட்டுக் குத்தகைக்காரர்கள், மில் தொழிலாளர்கள், அநாதை விடுதிப் பிள்ளைகள், மனநோய் விடுதிகளில் இருந்தவர்கள், இவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. கறுப்பின மக்கள் அதிலும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள். சில ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைச் சேர்க்க மறுத்தன. 1912-இல் அமைத்த ஒரு மருத்துவக் குழு ஊர் ஊராக ஆராய்ந்துவிட்டு, இது தொற்றுநோய், ஆளுக்கு ஆள் ஒட்டும் என்று அறிக்கையே கொடுத்துவிட்டது. நான் பையன் தட்டில் கீறிய பெருக்கல் குறியை இவர்கள் மாநிலம் மாநிலமாகக் கீறினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1914-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் என்பவரை அனுப்பியது. ஹங்கேரிப் பகுதியில் பிறந்து, பிள்ளைப் பருவத்தில் பெற்றோரோடு நியூயார்க் வந்த யூதக் குடும்பத்துப் பையன் அவர். விடுதிகளைச் சுற்றிப் பார்த்த அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வருகிறது. அவர்களைத் தொட்டு, குளிப்பாட்டி, கூடவே இருக்கும் நர்சுகளுக்கும் வேலையாட்களுக்கும் வரவில்லை. ஒட்டுகிற நோய் ஆளைப் பார்த்தா ஒட்டும்? அப்புறம் அவர் தட்டுகளைப் பார்த்தார். நோயாளிகளின் தட்டில் மக்காச்சோள மாவும் வெல்லப்பாகும் பன்றிக் கொழுப்பும். வேலையாட்களின் தட்டில் பாலும் முட்டையும் இறைச்சியும்.

மிசிசிபி மாநிலத்தில் ஜாக்சன் நகரத்து இரண்டு அநாதை விடுதிகளில் பிள்ளைகளுக்குப் பால், முட்டை, பயறு, இறைச்சி கொடுக்க வைத்தார். அடுத்த வருடம் அங்கே நோய் அநேகமாக இல்லாமலே போனது. 1915-இல் தலைகீழாகவும் செய்து பார்த்தார். ரான்கின் சிறைப் பண்ணையில் விடுதலை தருவதாக ஆளுநர் வாக்குக் கொடுத்த பேரில், கைதிகள் சிலர் வெறும் மாவும் பாகுமாகவே மாதக்கணக்கில் சாப்பிடச் சம்மதித்தார்கள். கடைசிவரை இருந்த 11 பேரில் 6 பேருக்குப் பெல்லாக்ரா வந்தது.

அப்போதும் பல மருத்துவர்கள் நம்பவில்லை. 1916-இல் கோல்ட்பெர்கரும் அவருடைய சகாக்களும் நோயாளிகளின் ரத்தத்தைத் தங்கள் உடம்பில் ஊசி போட்டுக்கொண்டார்கள். உரிந்த தோல், சிறுநீர், மலம் இவற்றை மாவில் உருட்டி மாத்திரையாக விழுங்கினார்கள். அவருடைய மனைவி மேரியும் ரத்த ஊசி போட்டுக்கொண்டார். ஒருவருக்கும் நோய் வரவில்லை.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோல்ட்பெர்கர், எட்கர் சைடன்ஸ்டிரிக்கர் என்ற பொருளாதார அறிஞரோடு சேர்ந்து, தெற்குக் கரோலினாவின் மில் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். வருமானம் குறையக் குறையப் பெல்லாக்ரா கூடியது. குத்தகை நிலத்தில் வீட்டு வாசல் வரை பருத்தி. காய்கறிக்கும் கறவை மாட்டுக்கும் இடமில்லை. வறுமைதான் நோய்க்கு வேர் என்று அவர் சொன்னபோது தென் மாநிலத் தலைவர்களுக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊரில் பட்டினியா, எங்களை அவமானப்படுத்துகிறாயா என்று கேட்டார்கள். ஒட்டுவாரொட்டி என்றால் நோயாளியைத் தள்ளி வைத்தால் போதும். பசி என்றால் மற்றவர்கள் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும்.

கோல்ட்பெர்கர் 1929-இல் இறந்தார். குறையும் சத்து எது என்பது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. 1937-இல் கான்ராட் எல்வெஜம் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். நாம் இப்போது நியாசின் என்று சொல்லும் பி வகை வைட்டமின் அது. மக்காச்சோளத்தில் அது உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோக்காரர்களின் சுண்ணாம்பு நீர்தான் அதை அவிழ்த்துவிடுகிறது. படிக்காத பாட்டிமார் கண்ட பக்குவத்தின் அர்த்தம் விஞ்ஞானத்துக்கு விளங்க அத்தனை காலம் ஆயிற்று. அதற்குள் அமெரிக்காவில் மட்டும் சுமார் 30 லட்சம் பேருக்கு நோய் வந்து, ஒரு லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

நம் நாட்டிலும் இது இருந்தது. ஹைதராபாத் வட்டாரத்தில் சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைக் கூலிகளிடம் பெல்லாக்ரா வருவதை 1960-இல் கோபாலன், ஸ்ரீகாந்தியா என்ற இருவரும் எழுதினார்கள். இந்த டாக்டர் சி. கோபாலன் நம் சேலத்தில் பிறந்தவர், நூறு வயது வாழ்ந்து 2019-இல் மறைந்தார். சோளம் கெட்டது என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். நானே கம்மங்கஞ்சியும் சோளச் சோறும் குடித்து வளர்ந்தவள். கூடப் பயறும் கீரையும் மோரும் இருந்தவரை ஒன்றும் இல்லை. வேறு எதுவுமே இல்லாமல் ஒரே தானியமாகச் சாப்பிட நேர்ந்தபோதுதான் வினை.

அந்தத் தவளைத் தோலின் சரித்திரமும் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நீலகிரிக் குன்னூரில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஓர் அறையில் தொடங்கிய வேலைதான் பிறகு உணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 1936-இல் குன்னூரின் ஐக்ராய்ட், ராஜகோபால் இருவரும் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் ஊட்ட நிலையை ஆராய்ந்து எழுதியபோதே இந்தத் தவளைத் தோலைக் குறித்து வைத்தார்கள். முதலில் வைட்டமின் ஏ குறைவு என்று நினைத்தார்கள். பிறகு, தாவர எண்ணெயில் கிடைக்கும் அவசியமான கொழுப்பு அமிலங்களும் பி வைட்டமின்களும் குறைவதே காரணம் என்ற பக்கம் ஆராய்ச்சி போனது. அதிலும் கோபாலனுக்குப் பங்கு உண்டு. ஆக, என் பையன் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, அவன் தோலைப் பற்றி நம் மலைமேல் எழுதி வைத்து 50 வருடம் ஆகியிருந்தது. நான்தான் படிக்கவில்லை. 1989-இல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. முதல் முட்டையைப் பிள்ளைகள் உரித்துத் தின்றபோது எனக்கு வேப்பமரத்தடியின் அந்தக் கடைசி இடத்தைப் பார்க்க முடியவில்லை.

இனி நான் வதைபட்ட கதை.

1996-இல் எனக்கு முழங்கையில் வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக ஒரு படை வந்தது. அப்புறம் தலையில். தோள்பட்டையில் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடக்கும். போர்டு பக்கம் நின்று சாக்பீஸ் தூள் என்று சமாளித்தேன். பல பேர் நம்பினீர்கள். ரோஸ் கலர் சாக்பீஸால் எழுதிய நாளில் தோளில் மட்டும் வெள்ளைத் தூள் எப்படி என்று ஒரு வாலு கேட்டது. அவன் இப்போது சுங்கத் துறையில் இருக்கிறான். பொருத்தமான வேலைதான்.

உறவில் ஒரு வளைகாப்பு வீடு. நான் கலந்த சாதத்தைப் பரிமாற அகப்பையை எடுத்தேன். "மதினி, நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று ஒரு கை வந்து அகப்பையை வாங்கிக்கொண்டது. குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. என் கையை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். யார் என்று இந்தப் பதிவில் தேட வேண்டாம். மனதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆணியால் தட்டில் கீறியவளுக்கு அந்த உரிமை கிடையாது.

சொரியாசிஸ்காரர்களின் சரித்திரமும் அப்படித்தான். பல நூற்றாண்டுகள் அவர்களைத் தொழுநோயாளிகளோடு சேர்த்தே ஊருக்கு வெளியே வைத்தார்கள். தொழுநோயாளியை அப்படித் தள்ளி வைத்ததும் கொடுமைதான். லண்டனில் ராபர்ட் வில்லன் 1800-களின் தொடக்கத்தில் இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். ஆனாலும் 'லெப்ரா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. 1841-இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ராதான் அதைப் பிரித்து, இது வேறு நோய், சொரியாசிஸ் என்று நிலைநாட்டினார். உலகச் சுகாதார நிறுவனம் 2014-இல்தான் இதைத் தொற்றாத நோய், வாழ்நாள் நோய், வலி தரும் நோய் என்று தீர்மானம் போட்டது. நம் சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள்.

நோயின் உள்விவரம் சுருக்கமாக. சாதாரணமாக நம் மேல்தோல் புதிதாக உருவாகி உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தப்பாகத் தூண்டப்பட்டு, சில நாட்களிலேயே தோல் உருவாகிக் குவிகிறது. குடும்ப வழியாக வரும் வாய்ப்பும் உண்டு. கிருமி இல்லை. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. 'கரப்பான் பண்டத்தை நிறுத்து' என்று எல்லோரும் சொன்னார்கள். முதலில் பார்த்தவர் கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை கூடாது என்றார். அடுத்தவர் முட்டை, மீன், பால், தயிர் கூடாது என்றார். பக்கத்து வீட்டில் புளியும் தக்காளியும் ஆகாது என்றார்கள். கோயிலில் பார்த்த அம்மா பயறு வகையே வேண்டாம் என்றார். ஒவ்வொருவர் பத்தியமும் மற்றவர் பத்தியத்தோடு சேர்ந்துகொண்டது. ஒருவரும் எதையும் திரும்பச் சேர்க்கச் சொல்லவில்லை. 1999-இல் என் தட்டில் மிஞ்சியது வெள்ளைச் சோறு, மிளகு ரசம், புடலங்காய். எடை 41 கிலோ. ஹீமோகுளோபின் 7.8. படை அப்படியே இருந்தது. ஒரு திங்கள்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்தில் கொடிக்கம்பத்தடியில் மயங்கி விழுந்தேன். அன்று என்னைத் தூக்கியவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா என் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா உங்களை இப்படிப் பட்டினி போட்டது?" என்று கேட்டார்.

"நானேதான் டாக்டர்."

"நீங்க டீச்சர்தானே? ஒண்ணை நிறுத்துனா அதனால குறைஞ்சுதான்னு பாத்துட்டு அடுத்ததை நிறுத்த வேண்டாமா? பிள்ளைங்களுக்கு இப்படியா சயின்ஸ் சொல்லிக் கொடுப்பீங்க?"

காசல், கோல்ட்பெர்கர் எல்லாம் நான் பிறகு நூலகத்தில் தேடிப் படித்தவர்கள். அந்தத் தேடலைத் தொடங்கி வைத்தது இந்தக் கேள்விதான்.

படித்தபோது, ஏமாந்தது நான் மட்டுமில்லை என்று தெரிந்தது. 1913 வாக்கில் பிலடெல்பியாவில் ஜே ஷாம்பெர்க் என்ற புகழ்பெற்ற தோல் மருத்துவரின் குழு, புரதத்தைக் குறைத்தால் சொரியாசிஸ் அடங்கும் என்று சோதித்தது. 1960-களில் டிரிப்டோஃபான் என்ற சத்தைக் குறைக்கும் உணவு முறை வந்தது. அதில் முக்கிய இறைச்சி வான்கோழி. பிறகு செய்த சோதனைகளில் அது தேறவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது கிழக்கிந்தியத் தீவுகளின் பட்டினி முகாம்களில் இருந்தவர்களுக்குச் சொரியாசிஸ் தணிந்ததைச் சைமன்ஸ் என்ற மருத்துவர் 1949-இல் எழுதினார். அதற்காகப் பட்டினியை மருந்து என்று சொல்ல முடியுமா?

பெல்லாக்ராவுக்கு உணவே காரணம். அதை ஒட்டுவாரொட்டி என்றார்கள். சொரியாசிஸுக்கு உணவு காரணம் இல்லை. அதற்கோ உணவைப் பிடுங்கினார்கள். இரண்டு பக்கமும் நோயாளியின் தட்டை ஒழுங்காகப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார்கள். இதுதான் இந்தப் பாடத்தில் நீங்கள் அடிக்கோடு இட வேண்டிய இடம்.

அப்படியானால் சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்டது ரிட்டயர் ஆன பிறகு.

டாக்டரம்மா சொல்லி எல்லாவற்றையும் சாப்பிடத் தொடங்கிய நான், வருடங்கள் போகப் போக வேறு பக்கம் சாய்ந்தேன். 2018-இல் ஓய்வு பெற்றேன். வீட்டோடு இருப்பு, டிவி, முறுக்கு, மூன்று வேளை அரிசி. எடை 78 கிலோ ஆனது. சர்க்கரை எட்டிப் பார்த்தது. படை முதுகு வரை பரவியது. கொழுப்புத் திசு உடம்பில் அழற்சியைத் தூண்டும் என்றும், எடை கூடுதலாக உள்ளவர்கள் அளவாகச் சாப்பிட்டு எடையைக் குறைத்தால் மருந்தோடு சேர்ந்து சொரியாசிஸ் தணிய உதவும் என்றும் டாக்டர் சொன்னார். 2018-இல் அமெரிக்கச் சொரியாசிஸ் அமைப்பின் மருத்துவக் குழு, அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் பார்த்துவிட்டு உறுதியாகப் பரிந்துரைத்ததும் இதைத்தான். கோதுமையின் குளூட்டனைக்கூட, ரத்தப் பரிசோதனையில் ஒவ்வாமைக்கான அடையாளம் உள்ளவர்கள் மட்டும் நிறுத்தினால் போதும் என்றது அந்தக் குழு.

உணவு ஆலோசகப் பெண் ஒருத்தி, என் பேத்தி வயது இருக்கும், ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டினாள். பாதித் தட்டு காயும் கீரையும். கால் தட்டு சோறோ கம்போ கேழ்வரகோ. கால் தட்டு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன். "பாட்டி, எதை எடுக்கணும்னு கேக்காதீங்க. எது இல்லைன்னு பாருங்க" என்றாள். எனக்குப் பின்னக் கணக்குப் பாடம் நடத்துகிறாளே என்று சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து தட்டைப் பார்த்தால் முக்கால் தட்டு சோறுதான்.

முருங்கைக்கீரை, மத்தி மீன், தட்டைப்பயறு, கைப்பிடி நிலக்கடலை, எல்லாம் கரப்பான் என்று ஒரு காலத்தில் நான் தள்ளியவை திரும்பி வந்தன. முறுக்கும் சீனியும் குறைந்தன. சாயங்காலம் முக்கால் மணி நேரம் நடை. 14 மாதத்தில் 9 கிலோ குறைந்தது. களிம்பும் மாத்திரையும் டாக்டர் சொன்னபடி தொடர்கின்றன. முதுகுப் படை பாதிக்கு மேல் மறைந்தது, முழங்கையில் இன்னும் இருக்கிறது. மார்கழிப் பனியில் கொஞ்சம் கூடும், சித்திரையில் அடங்கும். முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

மெசஞ்சரில் கேட்ட பெண்ணே, உன் பதில் இதோ. உனக்கு அனுப்ப என்னிடம் விலக்கு லிஸ்ட் இல்லை. ஏதாவது ஒரு பண்டம் உனக்குச் சேரவில்லை என்று தோன்றினால் அதை மட்டும் சில வாரம் நிறுத்திப் பார், நோட்டில் எழுதி வை. மாற்றம் இல்லையென்றால் திரும்பச் சாப்பிடு. மூட்டு வலியோ காலையில் விரல் விறைப்போ வந்தால் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் சொல். சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கும். கேட்காமல் மருந்தை நிறுத்தாதே. வீட்டில் இந்த நோய் உள்ள ஆண்பிள்ளைகள் இருந்தால் பீடி, சிகரெட், மது இதைக் கூட்டும் என்று நான் சொன்னதாகச் சொல். உன் அத்தையிடம் இந்தப் பதிவைப் படித்துக் காட்டு. அவர்கள் உன்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். அதை மறந்து சண்டை போடாதே. சின்னவன் உன் தட்டில் கை வைத்தால் ஒரு உருண்டை பிசைந்து கொடு. தாராளமாகக் கொடு.

இன்னும் ஒரு பையனுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அவன் பெயரை இங்கே போட எனக்கு உரிமை இல்லை. இப்போது அவனுக்கு 46, 47 வயது இருக்கும். 1987-இல் மூன்றாம் வகுப்பில் படித்தவர்களுக்கு அவன் யார் என்று தெரிந்திருக்கும். அவன் இருக்கும் இடம் யாருக்காவது தெரிந்தால் இங்கே எழுதாமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நேரில் போய், "நான் செய்தது தப்பு தம்பி" என்று சொல்ல வேண்டும். அவன் என்னைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்வேன். பார்க்கச் சம்மதித்தால், என் கையால் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவனோடு சேர்ந்து சாப்பிட ஆசை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். நாளை காலை உங்கள் பள்ளியில் சாப்பாட்டு வரிசையை ஒரு தடவை நடந்து பாருங்கள். யாராவது தள்ளி உட்கார்ந்திருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்